ராத்திரிப் பாலை நிறுத்துவது எப்படி: பசிக்குக் குடிப்பதும் பழக்கத்துக்குக் குடிப்பதும்

ராத்திரி ஒன்றரை மணிக்குக் குழந்தை எழுந்து அழுகிறது. எடுத்துப் பால் கொடுத்தால் மூன்றே நிமிடம் சப்பிவிட்டுத் தூங்கிப்போகிறது. மூன்று மணிக்கு மறுபடி. நாலரைக்கு இன்னொரு முறை. இந்த மூன்றில் எது பசி, எது பழக்கம் என்று பிரித்துப் பார்க்காமல் நிறுத்தப் போனால், வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இருக்காது.

ராத்திரிப் பால் இரண்டு வேலை செய்கிறது. வயிற்றை நிரப்புகிறது, தூங்கவும் வைக்கிறது. பலர் இரண்டையும் ஒரே ராத்திரியில் பிடுங்கப் பார்க்கிறார்கள். முதலில் பகலில் வயிற்றை நிரப்புங்கள். அடுத்து, பால் இல்லாமல் கண் மூடப் பழக்குங்கள். ராத்திரிப் பாலில் கைவைப்பது கடைசி வேலை. இந்த வரிசையில் போனால் மொத்தம் மூன்று, நான்கு வாரம் ஆகும்.

எப்போது தொடங்கலாம், எப்போது கூடாது

பிறந்த முதல் சில வாரங்களில் குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை தாய்ப்பால் குடிக்கும். அதில் சில முறை ராத்திரியில் வரத்தான் செய்யும். வயிறு சிறியது, தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கும். பால் சுரப்புக்குக் காரணமான புரோலாக்டின் ஹார்மோனும் ராத்திரியில்தான் அதிகம். அந்தக் கட்டத்தில் ராத்திரிப் பாலைக் குறைத்தால் குழந்தையின் எடை, தாயின் பால் இரண்டுமே குறையும். பிறந்தபோது இருந்த எடையை மீட்கும்வரை தூங்குகிற குழந்தையையும் எழுப்பிக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

6 மாதத்துக்கு முன்பு இதில் இறங்க வேண்டாம். பவுடர் பால் குடித்து எடை சரியாக ஏறிவரும் குழந்தைக்கு 6 மாதத்துக்குப் பிறகு ராத்திரியில் பால் பெரும்பாலும் தேவைப்படாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அவசரமே இல்லை. ஒரு வயதுவரை ராத்திரியில் ஒன்றிரண்டு முறை குடிப்பது சாதாரணம். அதற்குமுன் அடியோடு நிறுத்தினால் சுரப்பு குறைய வாய்ப்புண்டு. அதனால் ஒரு வயதுக்குள் இருக்கும் தாய்ப்பால் குழந்தைக்கு மூன்று முறையை ஒரு முறையாகக் குறைப்பதே போதுமான இலக்கு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மாதக் கணக்கைப் பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். எடை ஏற்றம் மந்தமாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

இன்னொன்று: அம்மாவுக்கும் குழந்தைக்கும் ராத்திரிப் பால் ஒத்துப்போகிறது, யாருக்கும் சிரமமில்லை என்றால் நிறுத்தியே ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டு மணி நேரம் தூங்குகிறதாம் என்பது ஒரு காரணமே அல்ல.

‘விடிய விடியத் தூங்குவது’ என்றால்

ஆய்வுகளில் ‘ராத்திரி முழுவதும் தூங்கும் குழந்தை’ என்பதற்கு வழக்கமாக வைக்கும் அளவு நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை. அவ்வளவுதான். பத்து மணி நேரத் தூக்கத்தை எதிர்பார்த்துத் தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

விழிப்பே வராத குழந்தை கிடையாது. பெரியவர்களின் தூக்கச் சுற்று சுமார் 90 நிமிடம். குழந்தைக்கு 50, 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தூக்கம் லேசாகும். தூங்கும்போது இருந்ததெல்லாம் அப்படியே இருந்தால் அடுத்த சுற்றுக்குள் போய்விடும். வாயில் காம்போடு தூங்கிய குழந்தைக்கு அந்த நேரத்தில் காம்பு இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றதும் நமக்கு விழிப்பு வருமே, அது மாதிரிதான். பசியே இல்லாமல் பாலுக்கு அழுவது இங்கிருந்து வருகிறது.

முதலில் மூன்று ராத்திரி, எழுதிவைப்பது மட்டும்

எதையும் மாற்றாதீர்கள். படுக்கைக்கு அருகில் ஒரு தாளும் பேனாவும் போதும். ஒவ்வொரு விழிப்புக்கும் நான்கு விஷயம்: மணி என்ன, எத்தனை நிமிடம் அல்லது எத்தனை மில்லி குடித்தது, விழுங்கும் சத்தம் கேட்டதா, குடித்தபின் எவ்வளவு சீக்கிரம் தூங்கியது. கூடவே, காலையில் முதல் பாலை ஆவலாகக் குடித்ததா, முகத்தைத் திருப்பிக்கொண்டதா என்றும் குறியுங்கள்.

பசிக்குக் குடிக்கும் குழந்தை மடக் மடக்கென்று விழுங்கும், பத்து நிமிடமாவது விடாமல் குடிக்கும், குடித்தபின் மூன்று மணி நேரமாவது தாங்கும். பழக்கத்துக்குக் குடிப்பது நாலைந்து உறிஞ்சலோடு விழுங்குவதை நிறுத்திவிட்டு, தாடை மட்டும் துடிக்கச் சும்மா சப்பிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் மறுபடி எழும். மூன்று நாள் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஒரு பசிப் பாலும் இரண்டு பழக்கப் பாலும் தெரியும். ராத்திரி நிறையக் குடித்துவிட்டுக் காலைப் பாலை வேண்டாம் என்கிறதா? அப்படியானால் குழந்தையின் சாப்பாட்டு நேரமே தலைகீழாகிவிட்டது. பகலைச் சரிசெய்யாமல் ராத்திரியைத் தொடுவதில் பயன் இல்லை.

முதல் வாரம்: பகலில் வயிற்றை நிரப்புங்கள்

ஆறேழு மாதத்தில் குழந்தைக்கு வேடிக்கை பார்ப்பது பாலைவிடப் பெரிதாகிவிடும். கதவு சத்தம் கேட்டால் வாயை எடுத்துத் திரும்பிப் பார்க்கும், யாராவது பேசினால் மறுபடி எடுக்கும். அரை வயிற்றோடு பகல் ஓடிவிடும். பாக்கியை ராத்திரி அமைதியில் வட்டியோடு வசூலிக்கும். பகல் பாலை வெளிச்சம் குறைவான, ஆள் நடமாட்டமில்லாத அறையில், டிவியும் போனும் இல்லாமல் கொடுங்கள். சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, அழும்வரை காத்திராமல் நீங்களே கொடுங்கள்.

மாலையில் ஒன்றுக்கு இரண்டாக, நெருக்கமாகக் கொடுக்கலாம். ஏழரைக்குப் படுக்கும் குழந்தைக்கு ஐந்தரைக்கு ஒன்று, ஏழு மணிக்கு இன்னொன்று. பவுடர் பால் என்றால் நாளின் மொத்த அளவு கூடக் கூடாது. ராத்திரியிலிருந்து பகலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. மொத்தம் 960 மில்லியைத் தாண்ட வேண்டாம்.

6 மாதத்தில் தொடங்கும் திட உணவு ராத்திரிப் பசியை உடனே தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் ஒரு வயதுவரை பால்தான் முதன்மை உணவு. வயிறு முட்டத் திட உணவு கொடுத்துப் பாலைக் குறைத்துவிட்டால் ராத்திரியில் பாலுக்கான தேவை கூடும். பால் முதலில், சற்று இடைவெளிவிட்டுத் திட உணவு என்பது ஒன்பது மாதம்வரை நல்ல வரிசை. பால் புட்டியில் மாவு கலந்து கொடுத்தால் நன்றாகத் தூங்கும் என்பது ஓர் ஓயாத வதந்தி. தூக்கம் அதிகமாகாது; புரையேறும் ஆபத்துதான் அதிகமாகும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது, பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய் வரலாம்.

இரண்டாம் வாரம்: பாலையும் தூக்கத்தையும் பிரிப்பது

இந்த வாரமும் நள்ளிரவுப் பாலைத் தொடாதீர்கள். மாற்றம் முன்னிரவில் மட்டும்.

பால் கடைசியாக இருப்பதை முதலாக்குங்கள். பால், ஏப்பம், ஈரத் துணியால் முகமும் வாயும் துடைப்பது, புது டயப்பர், ஒரு பாட்டு, படுக்கை. பால் குடித்து முடித்ததற்கும் படுப்பதற்கும் நடுவில் 20 நிமிடமாவது இருக்கட்டும். தினமும் அதே வரிசை, ஏறக்குறைய அதே நேரம். பாட்டு எதுவானாலும் சரி, மாற்றாமல் இருந்தால் போதும்.

பகலின் கடைசித் தூக்கத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பது முக்கியம். 6 மாதத்தில் 2 முதல் 3 மணி நேரம், 9 மாதத்தில் ஏறக்குறைய 3, ஒரு வயதில் 3 முதல் 4. இதைவிடக் குறைந்தால் தூக்கம் வராமல் விளையாடும். அதிகமானால் களைப்பு தலைக்கேறி வீறிடும். பார்வை ஒரே இடத்தில் நிலைப்பது, காதை இழுப்பது, முகத்தைத் தோளில் தேய்ப்பது ஆகியவை சரியான நேரம். கொட்டாவி இரண்டு, மூன்று வந்துவிட்டால் சற்றே தாமதம்.

கண் சொருகிய நிலையில், ஆனால் இன்னும் விழித்திருக்கும்போதே படுக்கையில் கிடத்துங்கள். மல்லாக்க, கெட்டியான சமமான மெத்தையில். தலையணை, போர்வை, பஞ்சு பொம்மை எதுவும் வேண்டாம். புரளத் தொடங்கிய குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றக் கூடாது. நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தட்டுங்கள். அழுதால் தூக்கி, தேறியதும் மறுபடி கிடத்துங்கள். முதல் இரண்டு நாள் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஐந்தாறு நாளில் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு வந்துவிடும்.

பால் குடிக்கும்போதே தூங்கிவிடும் குழந்தையிடம் காம்பை எடுப்பது தனி வித்தை. மடக் மடக்கென்ற விழுங்கல் நின்று, தாடை துடிப்பு மட்டும் ஆனதும் சுத்தமான சுண்டுவிரலை வாயின் ஓரத்தில், ஈறுகளுக்கு நடுவே நுழைத்துவிடுங்கள். பிடி விடும் ‘ப்ளக்’ சத்தம் கேட்டபின் எடுங்கள். அப்படியே இழுத்தால் காம்பு புண்ணாகும், குழந்தையும் விழித்துக்கொள்ளும். வாய் தேடினால் விரலால் மோவாயை மெல்லத் தாங்கிப் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் வாய் மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் மறுபடி கொடுத்து ஒரு நிமிடம் கழித்து முயலுங்கள். ஒரே இரவில் நாலைந்து முறை ஆவது சாதாரணம்.

இந்த ஒரு வாரத்திலேயே நள்ளிரவு விழிப்புகளில் ஒன்று தானாகக் காணாமல் போனால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மூன்றாம் வாரம்: அளவைக் குறைப்பது

எல்லாப் பாலையும் ஒரே சமயத்தில் குறைக்காதீர்கள். தாளில் மிகக் குறைவாகக் குடித்த பழக்கப் பாலில் தொடங்கி, அது முடிந்தபின் அடுத்ததற்குப் போங்கள். நாலு, நாலரை மணிப் பாலைக் கடைசிக்கு விடுங்கள். அந்த நேரத்தில் தூக்க அழுத்தம், அதாவது தூங்கச் சொல்லி உடம்பு தள்ளும் வேகம், பெரும்பகுதி தீர்ந்திருக்கும். பால் இல்லாமல் மறுபடி தூங்கவைப்பது அப்போதுதான் மிகக் கடினம்.

தாய்ப்பால் என்றால், வழக்கமாக ஐந்து நிமிடத்துக்குள் முடியும் பாலை நேரடியாக நிறுத்திவிடலாம். அதற்கு மேல் போவதை இரண்டு ராத்திரிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் குறையுங்கள். பத்து நிமிடம் குடிக்கும் குழந்தைக்கு முதல் இரண்டு ராத்திரி 8, அடுத்த இரண்டு 6, அடுத்த இரண்டு 4, பிறகு இல்லை.

புட்டி என்றால் 60 மில்லி அல்லது அதற்குக் குறைவாகக் குடிப்பதை நேரடியாக நிறுத்தலாம். கூடுதலாகக் குடிப்பதை இரண்டு ராத்திரிக்கு ஒரு முறை 20 முதல் 30 மில்லி குறையுங்கள். 180 மில்லி குடிக்கும் குழந்தைக்கு இப்படி:

1, 2-ம் ராத்திரி: 150 மில்லி
3, 4: 120
5, 6: 90
7, 8: 60
9-ம் ராத்திரியிலிருந்து: இல்லை

அளவைக் குறைக்கிறோமே என்று பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி நீர்க்கக் கலக்காதீர்கள். குழந்தையின் சிறுநீரகத்தால் அவ்வளவு தண்ணீரைச் சமாளிக்க முடியாது. ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகலாம். ஒவ்வொரு மில்லிக்கும் டப்பாவில் சொன்ன விகிதம்தான். புட்டியை வாயில் வைத்தபடி படுக்கவிடுவதும் வேண்டாம். பல் சொத்தை, காதுத் தொற்று, புரையேறுதல் மூன்றுக்கும் அது வழி.

பத்து, பதினோரு மணிக்குக் குழந்தையை எழுப்பாமலே தூக்கத்தில் ஊட்டும் பால் சிலருக்கு நன்றாக உதவும், சிலரை மேலும் கலைக்கும். மூன்று நாள் முயன்று பாருங்கள். பலன் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஒன்றரை மணிக்கு எழுந்தால் என்ன செய்வது

முதலில், உடனே போகாதீர்கள். குழந்தையின் தூக்கத்தில் கணிசமான பகுதி துள்ளலும் முனகலும் முக்கலுமாகத்தான் இருக்கும். கண் மூடியபடி சிணுங்குவதைப் பார்த்துத் தூக்கினால் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை நாமே எழுப்புகிறோம். ஒன்றிரண்டு நிமிடம் கேளுங்கள். சத்தம் ஏறிக்கொண்டே போகிறதா, ஏறி இறங்கி ஏறுகிறதா? ஏறி இறங்குவது பெரும்பாலும் தானே அடங்கும்.

போனால் விளக்கைப் போடாதீர்கள். மங்கலான மஞ்சள் அல்லது சிவப்பு வெளிச்சம் போதும். பேச்சு வேண்டாம். டயப்பர் கனமாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். கையை நெஞ்சில் வைத்து, இதயத் துடிப்பைவிடச் சற்று மெதுவாகத் தட்டுங்கள். மூன்று, ஐந்து நிமிடத்தில் பலன் இல்லையென்றால் தூக்கித் தேற்றுங்கள். வழக்கமாகப் பால் கொடுக்கும் நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள். அந்த இடமே பாலை ஞாபகப்படுத்தும்.

தாய்ப்பால் குழந்தை என்றால் இந்த நேரத்துக்கு அப்பாவோ வேறொருவரோ போவது நல்லது. அம்மாவின் வாசனையில் பால் இருக்கிறது. அதைக் காட்டிவிட்டு இல்லை என்று சொல்வது குழந்தைக்குப் புரியாது. யார் போனாலும் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு கண் அசந்துவிடாதீர்கள். குழந்தையோடு தூங்கிப்போக மிக ஆபத்தான இடங்கள் அவை.

சிலர் தொட்டுத் தேற்றுவதைவிட 2, 4, 6 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்ப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைக்கு அதுவும் சரிதான். இப்படித் தூக்கம் பழக்கப்பட்ட குழந்தைகளை ஆறு வயதில் பரிசோதித்து 2012-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் நீடித்த கெடுதல் எதுவும் தென்படவில்லை. எந்த முறை என்பதைவிட, வீட்டில் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுவதுதான் முக்கியம்.

இரண்டாவது, மூன்றாவது ராத்திரி முதல் ராத்திரியைவிட மோசமாகலாம். இதுவரை பலித்த அழுகை பலிக்கவில்லை என்றதும் குழந்தை இன்னும் உரக்க முயலும். அங்கேதான் பெரும்பாலோர் தோற்கிறார்கள்: நாற்பது நிமிடம் தாங்கிவிட்டு, மனசு கேட்காமல் பாலைக் கொடுத்துவிடுவார்கள். நாற்பது நிமிடம் அழுதால் பால் வரும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். கொடுப்பது என்று தோன்றினால் இரண்டாவது நிமிடத்திலேயே கொடுத்துவிடுங்கள். நாற்பதாவது நிமிடத்தில் வேண்டாம்.

ஏன் சரியாகப் போகவில்லை

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது எட்டு, பத்து மாத வாக்கில் திடீரென்று குலைந்தால், பெரும்பாலும் அது பிரிவு பயம். அம்மா கண்ணில் படாவிட்டால் இல்லாமலே போய்விட்டாள் என்று தோன்றும் வயது. பாலைத் திரும்பக் கொண்டுவராமல், போய் நின்று முகத்தைக் காட்டி, கை வைத்துத் தேற்றினால் ஓரிரு வாரத்தில் கடக்கும். பகலில் துணியால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு இதற்கு நல்ல மருந்து.

தவழவும் நிற்கவும் கற்றுக்கொள்ளும் வாரங்களிலும் இப்படி நடக்கும். நடுராத்திரி தொட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு உட்காரத் தெரியாமல் அழும் குழந்தைக்குப் பால் தேவையில்லை. பகலில் உட்காரச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நாலரைக்கு எழுவது மட்டும் மாறவில்லையா? ஜன்னலைப் பாருங்கள். வெளியிலிருந்து வெளிச்சம் ஒரு கோடு வந்தாலும் போதும். மாலையில் பிந்தித் தூங்கவைத்தால் காலையில் பிந்தி எழும் என்று நினைப்பது இந்த வயதில் எதிர்மாறாகவே முடியும். அரை மணி முந்திப் படுக்கவைத்துப் பாருங்கள்.

பல் முளைக்கிறது என்று தினமும் பாராசிட்டமால் கொடுத்துத் தூங்கவைப்பதும், சளி மருந்தின் மயக்கத்தை நம்புவதும் கூடவே கூடாது.

அம்மாவின் உடம்பும் இதில் சேர்த்தி

ஒரு பாலை நிறுத்தினால் மார்பு அதே மணிக்குக் கனக்கும். கை வைத்து வலி தணியும்வரை மட்டும் கொஞ்சம் பீய்ச்சி எடுங்கள். முழுவதும் காலி செய்தால் உடம்பு அந்த நேரத்துக்குப் பால் வேண்டுமென்றே எடுத்துக்கொள்ளும். ஒரு பாலை நிறுத்தி மூன்று, நான்கு நாள் கழித்தே அடுத்ததைத் தொடுங்கள். கட்டி, சிவப்பு, காய்ச்சல் வந்தால் மார்புத் தொற்றாக இருக்கலாம்; தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று: தாய்ப்பாலையே கருத்தடையாக நம்பியிருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு, குழந்தை 6 மாதத்துக்குள், மாதவிடாய் திரும்பாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, ராத்திரி இடைவெளி 6 மணி நேரத்தைத் தாண்டாதவரைதான். 6 மாதத்துக்குப் பிறகு ராத்திரிப் பாலைக் குறைக்கும்போது அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது; வேறு வழியை முன்பே யோசிக்க வேண்டும்.

இடையில் நிறுத்தவேண்டிய நேரம்

24 மணி நேரத்தில் ஈர டயப்பர் ஆறுக்குக் கீழே போனால், எடை நின்றுவிட்டால், தூக்கத்தில் குறட்டையோ மூச்சு நின்று நின்று வருவதோ இருந்தால், அடிக்கடி வாந்தி எடுத்தால், திட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பயணம், வீடு மாறுவது, அம்மா வேலைக்குத் திரும்பும் முதல் வாரம் ஆகிய சமயங்களில் தொடங்கவே வேண்டாம்.

எல்லாம் முடிந்து இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கியபின் காய்ச்சல் வரும். அப்போது கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள். காய்ச்சல் நேரத்தில் உடம்புக்கு நீர் தேவை. காய்ச்சல் விட்டு, பகலில் பழையபடி குடிக்கத் தொடங்கிய இரண்டாவது நாள் ராத்திரி, பாதி அளவிலிருந்து மறுபடி குறையுங்கள். முதல் தடவை மூன்று வாரம் எடுத்தது இந்தத் தடவை மூன்று, நான்கு ராத்திரியில் முடியும்.